சுடுமணலும் சுடாத கடலும்

கேரளத்தின் தென்கோடியில் உள்ள காஞ்சிரங்குளத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலை எதில் போனாலும் கருங்குளத்திலோ புல்லுவிளையிலோ மணலில் கொண்டுபோய் விடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு அந்த மணலில் செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. வலை காயப்போட வருகிறவர்கள்கூட ஓட்டமும் நடையுமாகத்தான் ஈரமணலை எட்டிப் பிடிப்பார்கள். ஓர் அலை வந்து காலை நனைத்ததும் சூடு போன இடம் தெரியாது. மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டியிருக்கும் (இங்கே டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்தான்). பக்கத்திலேயே கிடக்கும் கடல் 29, 30 டிகிரியில் நின்றுகொண்டிருக்கும். காலை முதல் இரண்டின் மீதும் விழுந்தது ஒரே வெயில். விடிவதற்கு முன் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். மணல் சில்லென்றிருக்கும், நீர் வெதுவெதுப்பாக இருக்கும். உண்மையில் கடல் ஏறக்குறைய இருந்தபடியேதான் இருந்தது. ஏறி இறங்கியது மணல் மட்டுமே. இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் பூவாறு, பொழியூர் தொடங்கி கேரள எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை வரைக்கும் பாய் கட்டிய கட்டுமரங்கள் தொழிலுக்குப் போயின. விடியுமுன் கரைக்காற்றில் கடலுக்குள் இறங்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் கரைக்குத் திரும்பும். 1980களில் அவுட்போர்டு எஞ்சின் பரவிய பிறகு காற்றின் தயவு தேவைப்படாமல் போனது. காற்று மட்டும் இன்றும் அதே நேரத்துக்குத் திசை மாறிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் பதில் வரும்: நீரின் தன்வெப்பம் அதிகம், மணலின் தன்வெப்பம் குறைவு, ஆகவே மணல் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், கடல் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும். பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால் அது பாதிக் கிணறுகூடத் தாண்டுவதில்லை. ஒரு பொருளின் வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்று கணக்கிடத் தன்வெப்பம் ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது. எவ்வளவு பொருள் அந்த வெப்பத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது, வந்த வெப்பத்தில் எவ்வளவு உள்ளே தங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். கடற்கரையைப் பொறுத்தவரை மிகப் பெரிய பங்கு இந்த இரண்டுக்கும்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு படி தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் மட்டம் கழுத்துவரை ஏறும், அண்டாவில் ஊற்றினால் அடிப்பாகம்தான் நனையும். ஊற்றிய நீர் வெப்பம் என்றால், ஏறிய மட்டம் வெப்பநிலை, பாத்திரத்தின் அகலம் வெப்ப ஏற்புத்திறன். ஒரு கிலோ பொருளுக்கு அந்த அகலம் எவ்வளவு என்பதுதான் தன்வெப்பம். ஆகவே வெப்பநிலை மாற்றத்தைக் கணக்கிடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உள்ளே போன வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், பொருளின் எடையையும் தன்வெப்பத்தையும் பெருக்கி வரும் எண்ணால் அதை வகுக்க வேண்டும். வகுத்து வருவது எத்தனை டிகிரி ஏறும் என்பது.

இவ்வளவு எளிதாகத் தோன்றும் இந்த எண்ணம் மனித மூளைக்கு எட்டப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆகியிருக்கிறது. அதுவரை, கனமான பொருள் அதிக வெப்பத்தை வாங்கும் என்றே அறிஞர்கள் நினைத்தார்கள். வெந்நீரை விளாவுவதுபோல, சூடான ஒரு பொருளையும் குளிர்ந்த வேறொரு பொருளையும் கலந்து எந்த வெப்பநிலையில் வந்து நிற்கிறது என்று பார்ப்பதே அன்றிருந்த சோதனை முறை. வெப்பமானி செய்து பெயர் பெற்ற ஃபாரன்ஹைட் பாதரசத்தையும் நீரையும் அப்படிக் கலந்து பார்த்தார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனம். கனத்தை வைத்துப் பார்த்தால் நீரை அது அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததோ வேறு. சம அளவு கலந்தபோது பாதரசம்தான் அதிகம் விட்டுக்கொடுத்தது. இரண்டளவு நீருக்கு ஈடுகொடுக்க மூன்றளவு பாதரசம் வேண்டியிருந்தது. இந்த முடிவின் பொருளைச் சரியாகப் படித்தவர் கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்த ஜோசப் பிளாக். வெப்பத்தை ஏற்கும் திறன் எடையையோ பருமனையோ பொறுத்து அமைவதில்லை, அது அந்தந்தப் பொருளுக்கே உரிய குணம் என்று 1760களில் அவர் மாணவர்களுக்குச் சொன்னார். சொன்னதைப் புத்தகமாக்க அவர் அவசரப்படவில்லை. விரிவுரைகள் அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1803இல்.

அந்தச் சோதனைகள் நுட்பமாகி இன்று நம் கையில் இருக்கும் எண்கள் இவை. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். உப்பு கரைந்த கடல்நீருக்கு ஏறக்குறைய 4. உலர்ந்த மணலுக்கு 0.8, இரும்புக்கு 0.45, செம்புக்கு 0.39. நீர் ஏன் இப்படித் தனித்து நிற்கிறது? ஒரு காரணம், அதன் அணுக்களில் மூன்றில் இரண்டு ஹைட்ரஜன். எல்லாவற்றிலும் இலேசான அணு என்பதால் ஒரு கிலோவுக்குள் நிறைய அணுக்கள் அடங்குகின்றன, அவை ஒவ்வொன்றும் தன் பங்கு வெப்பத்தைக் கேட்கிறது. இதைவிடச் சுவையான காரணம் பனிக்கட்டியைப் பார்த்தால் புலப்படும். பனிக்கட்டியும் நீரும் நீராவியும் ஒரே மூலக்கூறுதான். ஆனால் பனிக்கட்டியின் தன்வெப்பம் 2.1, நீராவியினுடையது 2. நீர்மமாக இருக்கும்போது மட்டும் அது இரட்டிப்பாகிறது. மூலக்கூறு மாறவில்லை என்றால், அந்தக் கூடுதல் பங்கு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள உறவில்தான் இருக்க வேண்டும். நீர்மத்தில் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கின்றன. தரும் வெப்பத்தில் பாதி அவற்றை வேகமாக ஓடவைக்காமல் இந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது.

இப்போது கருங்குளம் கரைக்குத் திரும்பலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கடல்நீர் மணலைவிட ஐந்து மடங்கு வெப்பம் ஏற்கும். பாடநூல் நிற்பது இந்த ஐந்தில்தான். ஆனால் வெயில் எடை பார்த்து விழுவதில்லை, பரப்பு பார்த்து விழுகிறது. ஆகவே கிலோவை விட்டுவிட்டுக் கன மீட்டருக்குக் கன மீட்டர் ஒப்பிடுவதே முறை. ஒரு கன மீட்டர் உலர்மணல் சுமார் 1,600 கிலோ, அதே பருமன் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். மணலின் கனம் அதன் பலவீனத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அந்த ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி ஏற்ற மணலுக்கு 1,280 கிலோஜூல், கடலுக்கு 4,100. ஐந்து மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிட்டது. மணலின் இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் இன்னும் மோசம். ஈரமணலுக்கும் கடலுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடுகூட மிஞ்சாது. மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், மணல் 25 டிகிரி ஏறும்போது கடல் எட்டு டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். காலையில் 29இல் இருந்த கடல் மதியம் 37 டிகிரியில் கொதிப்பாகக் கிடக்க வேண்டும். அப்படி ஒருநாளும் நடப்பதில்லை, கடல் ஏறுவது அரை டிகிரி அளவுக்குத்தான். மூன்று மடங்கு விளக்க வேண்டிய இடத்தில் ஐம்பது மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

சுடுமணலைக் காலால் கிளறினால் பாதி விடை கிடைத்துவிடும். மேலே ஒரு விரல் ஆழத்துக்குச் சூடு. ஒரு சாண் தோண்டினால் வெதுவெதுப்புதான். முழங்கை ஆழத்தில் மதியம், நள்ளிரவு என்ற வேற்றுமையே கிட்டத்தட்டத் தெரியாது. மணல் வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. பருக்கைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று அதை மேலும் முடக்குகிறது. பகலின் வெப்பம் கீழே இறங்கத் தொடங்குவதற்குள் இரவு வந்து அதை மேலே திருப்பி இழுத்துவிடுகிறது. மண்ணுக்குள் வெப்பம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை ஊகமாக இல்லாமல் கருவி வைத்து அளந்த வரலாறு இந்த வட்டாரத்துக்கே உண்டு. 1837இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் செய்துவந்த சோதனையைப் பின்பற்றி, 1840களில் நீண்ட தண்டுள்ள வெப்பமானிகளை வெவ்வேறு ஆழங்களில் புதைத்து ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். அந்த அளவுகள் எடின்பரோ ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சாயின. இவ்வகை அளவீடுகள் உலகெங்கும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: ஒரு நாளின் வெப்ப அலை ஓரிரு அடிக்குள் அடங்கிவிடும், ஓர் ஆண்டின் அலைதான் பல அடி ஆழம் இறங்கும். வெயிலைப் பங்கு போட்டுக்கொள்ள உலர்மணலில் முன்வருவது மேலே உள்ள ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் மட்டுமே.

கடலோ வெயிலைத் தன் மேல்தோலில் நிறுத்துவதில்லை. அகச்சிவப்புக் கதிர்கள் மேற்பரப்பிலேயே முடிந்துபோனாலும், நீலமும் பச்சையுமான ஒளி தெளிந்த நீரில் பல மீட்டர் கீழே இறங்கிக் கரைகிறது. அதற்கும் மேலாக அலையும் காற்றும் மேல்நீரைக் கீழும் கீழ்நீரை மேலுமாகப் புரட்டிக்கொண்டே இருக்கின்றன. இப்படிக் கலங்கி ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும் மேல்பகுதியைக் கடலியலார் கலப்பு அடுக்கு என்பார்கள். அரபிக்கடலில் அது பருவத்துக்கேற்ப பத்து, இருபது மீட்டரில் தொடங்கி அதற்கும் கீழே போகும். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவைகளும், ஹைதராபாத்திலிருந்து கண்காணிக்கப்படும் ஆர்கோ மிதவைகளும் இதை ஆழவாரியாக அளந்து அனுப்புகின்றன. ஆக, மணலில் பத்து சென்டிமீட்டர் தாங்கும் சுமையைக் கடலில் பத்து மீட்டர் தாங்குகிறது. நூறு மடங்கு. தன்வெப்பம் தந்த மூன்று மடங்கு இதற்குப் பக்கத்தில் சிறிய எண்.

இனி கணக்கைப் போட்டுவிடலாம். தெளிந்த கோடை நாளில் இந்தக் கரையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல், மின்கட்டண ரசீது கணக்கில் சொன்னால், சுமார் ஆறு யூனிட். ஒரு யூனிட் 3,600 கிலோஜூல். கடல் மிகச் சிறு பங்கைத்தான் திருப்பியனுப்பும், ஆகவே 20,000 கிலோஜூல் உள்ளே போகிறது. பத்து மீட்டர் ஆழ நீரை ஒரு டிகிரி ஏற்ற 41,000 வேண்டும். வகுத்தால் அரை டிகிரி. மிதவைகள் காட்டும் அளவும் இந்த அரை டிகிரியைச் சுற்றித்தான். அடுத்து மணல். உலர்மணல் வெளிர்நிறம் என்பதால் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடும். மிச்சம் நான்கு யூனிட், அதாவது 14,400 கிலோஜூல். பத்து சென்டிமீட்டர் மணலின் எடை 160 கிலோ, அதை ஒரு டிகிரி ஏற்ற 128 கிலோஜூல். வகுத்தால் 112 டிகிரி! காலையில் 27 டிகிரியில் இருந்த மணல் மாலையில் 139இல் இருக்க வேண்டும். புல்லுவிளைக் கரையில் அலை மோதும்போதெல்லாம் ஆவி பறந்திருக்கும்.

இங்கே பலர் கணக்கு தவறு என்று தாளைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். கணக்கு தவறில்லை. உள்ளே போன வெப்பமெல்லாம் உள்ளேயே தங்கியது என்று சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானம்தான் தவறு. தவறான விடை எவ்வளவு தவறு என்பதே ஓர் அளவீடு. மணலின் அந்தப் பத்து சென்டிமீட்டர் சராசரியாக ஏறுவது பத்து டிகிரி அளவுக்குத்தான் என்றால், உள்ளே தங்கியது 1,280 கிலோஜூல், வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற ஒன்பது பங்கையும் மணல் வந்த சூட்டோடு வெளியே தள்ளியிருக்கிறது. கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்கு, கொஞ்சம் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றுக்கு. மணல் 50 டிகிரிக்கு மேல் ஏறுவதும் இதனால்தான். அவ்வளவு சூடேறினால்தான் வருவதற்குச் சமமாக வெளியேற்ற முடியும்.

காற்றுக்குப் போன பங்கைப் பின்தொடர்ந்தால் கடல்காற்று கிடைக்கும். காற்றின் தன்வெப்பம் கிலோவுக்கு ஒரு கிலோஜூல். ஒரு சதுர மீட்டருக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடை 1,150 கிலோ அளவில் வரும். மணல் வெளியே தள்ளியதில் மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போனாலும் அந்தத் தூண் முழுவதும் மூன்று, நான்கு டிகிரி ஏறிவிடும். சூடான காற்று விரிந்து இலேசாகும், கரையின் மேல் அழுத்தம் சற்றே குறையும், கடல்மேல் நிற்கும் குளிர்ந்த காற்று உள்ளே தள்ளிக்கொண்டு வரும். 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்ட தும்பா, காஞ்சிரங்குளத்துக்கு வடக்கே இதே கரையில்தான் இருக்கிறது. அங்குள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார் கோபுரங்களிலும் பலூன்களிலும் கருவி கட்டி இந்தக் காற்றை நெடுங்காலம் அளந்திருக்கிறார்கள். முற்பகலில் காற்று திசை திரும்புவதும், கடல்காற்று சில நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்பதும், அதற்கு மேலே எதிர்த்திசையில் காற்று திரும்பிப் போவதும் அந்த அளவீடுகளில் தெரிந்தவை. கட்டுமரத்தின் பாயை மதியத்துக்கு மேல் விம்மவைத்தது, மணலால் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாமல் போன வெப்பம்தான்.

ஆனால் கரை என்பது வெறும் மணல் இல்லையே, நாலெட்டு உள்ளே வந்தால் தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிழலாக நிற்கின்றனவே என்று கேட்கலாம். கேட்பது நியாயம். இலைகள் நீரை ஆவியாக்குகின்றன. ஒரு கிலோ நீர் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், ஆனால் அதனால் ஒரு டிகிரிகூட ஏறாது. நிலை மாறுவதற்காக மட்டுமே செலவாகும் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். தன்வெப்பக் கணக்கு இந்த இடத்தில் செல்லாது. தோப்புக்குள் மண் சுடாமலிருப்பதற்கும், சுடுமணலுக்குப் பக்கத்திலேயே ஈரமணல் காலுக்கு இதமாக இருப்பதற்கும் நிழலோடும் அலையோடும் இந்த ஆவியாதலும் காரணம். கடலும் இதே வழியில் நிறைய இழக்கிறது. ஒரு நாளில் நான்கு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 9,700 கிலோஜூல் போய்விடும், உள்ளே வந்ததில் பாதி. பகலில் ஏறிய அந்த அரை டிகிரியும் இரவுக்குள் கரைந்துபோவதில் இதன் பங்கு பெரிது. ஊருக்குள்ளே காற்றைச் சூடேற்றும் வேலையைத் தோப்பைவிடத் தார்ச்சாலையும் கான்கிரீட் கூரையும்தான் அதிகம் செய்கின்றன. அவற்றிலிருந்து ஆவியாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் தன்வெப்பத்துக்கு ஒரு முக்கியத்துவமும் இல்லையா என்பது அடுத்த கேள்வி. இதைச் சோதிக்க வழி உண்டு. பொருளை மாற்றாமல் கலக்கத்தை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இயற்கை அதை ஆண்டுதோறும் செய்துகாட்டுகிறது. பருவமழைக்கு முன் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய்போலக் கிடக்கும் நாட்களில், மேல்நீர் பிற்பகலுக்குள் ஒன்று, இரண்டு டிகிரி, சில வேளை அதற்கும் மேல் ஏறிவிடுவதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. கீழே சில மீட்டரில் ஒரு மாற்றமும் இருக்காது. அதே நீர், அதே தன்வெப்பம். சுமையைப் பங்கு போட ஆள் குறைந்துபோனது, அவ்வளவுதான். பூவாற்றில் நெய்யாறு கடலோடு சேரும் பொழியில் இதைக் கருவி இல்லாமலே உணரலாம். மணல்திட்டுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் ஆற்றுநீர் தேங்கிய காயல். காயலின் ஆழமில்லாத ஓரத்தில், முழங்காலளவு நீரில் மாலை நேரத்தில் நின்றால் வெந்நீர் விளாவி வைத்ததுபோல் இருக்கும். சதுர மீட்டருக்குப் பத்து டன் நீர் பங்குபோட வேண்டிய வெயிலை அங்கே அரை டன் நீர் தாங்குகிறது. மறுபக்கம் ஒரு சோதனையைக் கற்பனையில்தான் செய்ய முடியும். கடல் முழுவதும் நீருக்குப் பதில் தேங்காயெண்ணெய் இருந்து, அதே அளவு கலக்கமும் இருந்தால் என்ன ஆகும்? எண்ணெயின் தன்வெப்பம் ஏறத்தாழ நீரில் பாதி. பகலில் அரை டிகிரி ஏறுவதற்குப் பதில் ஒரு டிகிரி ஏறும். அப்போதும் மணலுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

ஒரு நாளைக்குத்தான் இந்தக் கணக்கு. நாட்கள் கூடினால் சிறு மிச்சங்களும் சேரும். கடல் அவ்வளவு மெல்ல ஏறும் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கரையை ஒட்டிய அரபிக்கடல் 30 டிகிரியைத் தாண்டுவது எப்படி என்ற ஐயத்துக்கு விடை இதில் இருக்கிறது. கோடையில் வெயிலாக வரும் ஆறு யூனிட்டில் ஆவியாதலுக்கும் கதிர்வீச்சுக்கும் போக ஒவ்வொரு நாளும் இரண்டு யூனிட் மிஞ்சுகிறது என்று வைப்போம். முப்பது மீட்டர் கலப்பு அடுக்கை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1,23,000 கிலோஜூல் வேண்டும். நாளுக்கு 7,200 சேர்ந்தால் பதினேழு நாளில் ஒரு டிகிரி. பிப்ரவரியில் 28இல் இருக்கும் கடல் ஏப்ரலில் 30ஐத் தாண்டுவதற்கு இதற்கு மேல் மர்மம் வேண்டாம். நீரின் பெரிய தன்வெப்பம் தன் வலிமையைக் காட்டுவது இந்த நீண்ட கணக்கில்தான். சேர்த்துவைத்ததை அது அவ்வளவு சுலபமாகத் திருப்பித் தருவதும் இல்லை. பூமிக்கு மேலே நிற்கும் காற்று மண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி ஏற்றும் வெப்பம், கடலின் மேல் இரண்டரை மீட்டரை ஒரு டிகிரி ஏற்றவே சரியாகப் போய்விடும். புவி வெப்பமாதலில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது என்பது இதனால் வியப்பில்லை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் ஏறியதையே செய்தித்தாள்கள் தலைப்பாக்குகின்றன. கடலின் வெப்பநிலை மாற்றம் எண்ணில் சிறிதாக இருப்பதால் அதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

இரவுக்கும் கொஞ்சம் இடம் தர வேண்டும். கடல்காற்றும் கரைக்காற்றும் ஒரே நாணயத்தின் இரு பக்கம்போலப் படத்தில் சம நீளமுள்ள அம்புகளாக வரையப்படுவது வழக்கம். பாய் விரித்துப் போனவர்களுக்கு அது அப்படியில்லை என்று தெரியும். பகல் காற்று வலியது, விடியற்காற்று மெலிந்தது. காரணம் மறுபடியும் பங்குபோடும் எடையில் இருக்கிறது. பகலில் அடியில் சூடான காற்று மேலே கிளம்பி ஒரு கிலோமீட்டர் வரைக்கும் கலக்குகிறது. இரவில் அடியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் அங்கேயே படுத்துவிடுகிறது, மேலே உள்ளதைக் கலக்குவதற்கு வழியில்லை. குளிர்ச்சி கீழே சில பத்து அல்லது நூறு மீட்டருக்குள் தங்கிவிடும். அந்த மெல்லிய அடுக்கு நன்றாகவே குளிர்ந்தாலும், அதன் மொத்த எடை சிறியது என்பதால் கடல்மேல் உள்ள காற்றை அது தள்ளும் தள்ளலும் சிறியது.

கணக்கு அடியோடு கைவிடும் ஓர் இடமும் இந்தக் கரையில் உண்டு. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று பிடித்தபின் சில வாரங்களில் கடலின் மேற்பரப்பு மூன்று டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. குமரி முனையை ஒட்டி இது முதலில் தொடங்கி வடக்கே பரவும், விழிஞ்ஞத்துக்கு எதிரே நன்றாகத் தெரியும். மேகம் வெயிலை மறைப்பதும் காற்றில் ஆவியாதல் கூடுவதும் இதில் ஒரு பங்கை விளக்கும், மிச்சத்தை விளக்காது. பெரும்பகுதி நடப்பது வேறு விதமாக: கரையோரக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கடலுக்குள் ஒதுக்கிவிட, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. கடலியலார் இதை மேலெழுச்சி என்கிறார்கள். அங்கே எந்த நீரும் மூன்று டிகிரி குளிரவில்லை. இருந்த நீர் போய் வேறு நீர் வந்திருக்கிறது. வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒரே பொருள் தொடக்கம் முதல் முடிவு வரை அங்கேயே இருப்பதாக நம்புகிறது, அந்த நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது. வந்தது புதிய நீர்தான் என்பதற்கு வெப்பமானி சாட்சி சொல்லாது, வேதியியல் சொல்லும். அந்த நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருக்கும். மேலே இருந்த நீர் அங்கேயே குளிர்ந்திருந்தால் இவை அதில் வந்து சேர வழியில்லை. நெடுநாள் ஆழத்தில் இருட்டில் கிடந்து, மேலிருந்து விழும் உயிர்க்கழிவு மக்கி, ஆக்சிஜன் செலவாகி, உப்புகள் சேர்ந்த நீருக்குத்தான் அந்தக் கைரேகை. அது வெயில் படும் உயரத்துக்கு வந்ததும் மிதவைப் பாசிகள் பெருகும், பாசியைத் தேடிச் சாளையும் நெத்தோலியும் கரைக்கு நெருங்கும். மழைக்காலத்தில் புல்லுவிளைக் கரையில் கடல்நீர் ஏப்ரலைவிடக் குளிர்ந்திருப்பதன் கணக்கு, வெப்பத்தை எடையால் வகுப்பவரிடம் இல்லை, நீரைப் புட்டியில் பிடித்து ஆக்சிஜனை அளப்பவரிடம் இருக்கிறது.